மெதுவாகப் பேசு, தர்ஷினி

ஒரு மாதமாக ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. கடைசியில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அனுப்பியவள் தேவதர்ஷினி, லோகநாதனின் மகள். விவாகரத்துக்குப் பிறகு அம்மாவோடு ஆக்லாந்து போனபோது கைக்குழந்தை. இப்போது பத்தாவது படிக்கிறாள். தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது, இங்கிலீஷ்தான். அவள் பேசுவது புரியாவிட்டாலும் வாரம் முழுக்க அந்தக் குரலுக்காகத்தான் காத்துக்கிடப்பான் லோகநாதன்.

சிறுசேரி போகும் கம்பெனி கேப் ஓட்டுகிறவன் அவன். தாம்பரத்தில் ஏறிய ஜென்சியிடம் போனை நீட்டினான்.

"இன்னா சொல்லுதுன்னு கொஞ்சம் கேளுங்க மேடம்."

கேட்ட ஜென்சியின் முகம் மாறியது.

"அண்ணா, கடைசியா பேசினப்போ, வாராவாரம் பேசுறது உங்களுக்குத் தொந்தரவா, நிறுத்திடவான்னு கேட்டிருக்கா. நீங்க ஓகேன்னீங்களாம். அதான் நிறுத்திட்டாளாம். உடம்பைப் பார்த்துக்கச் சொல்றா."

வண்டியில் ஏறும் சார்களிடம் சொல்வதைத்தான் மகளிடமும் சொல்லியிருக்கிறான். யெஸ், ஓகே, ஷ்யூர். புரிந்தாலும் அதுதான், புரியாவிட்டாலும் அதுதான். பிழைப்பு அதிலேயே ஓடியது.

"சிரிச்சிகினே வேற சொன்னேன் மேடம். புரியலன்னு சொன்னா, அப்பன் தற்குறின்னு நெனச்சிக்குமேன்னு..."

"நினைக்கட்டுமே! இதை மட்டும் சொல்லுங்க. 'ஐ ஆம் ஸ்டில் லேர்னிங் இங்கிலீஷ். ப்ளீஸ் ஸ்பீக் ஸ்லோலி.' புரியாத அந்த நிமிஷமே சொல்லணும். தலையாட்டி முடிச்சப்புறம் சொன்னா பிரயோஜனமில்ல."

மேடவாக்கம் சிக்னலில் முணுமுணுத்தான். சோழிங்கநல்லூர் நெரிசலில் சத்தமாகவே சொன்னான். பின்சீட்டிலிருந்து ஜென்சி, "சூப்பர்ணா, ஆனா ஹார்ன் அடிக்கிற மாதிரி சொல்லாதீங்க" என்றாள்.

அவளை இறக்கிவிட்டு, வண்டியை ஓரங்கட்டி, மகளை அவனே அழைத்தான்.

"ஹலோ?"

அவள் படபடவென்று என்னவோ கேட்டாள். 'யெஸ்' நாக்கு நுனிவரை வந்தேவிட்டது. விழுங்கினான். ஜென்சி சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான்.

கட் பண்ணிவிட்டாளோ? திரையைப் பார்த்தான். இல்லை.

பிறகு ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

"டூ... யூ... வான்ட் மீ... டு ஸ்டாப்?"

மகள் கேட்டது முதல் தடவையாக முழுசாகப் புரிந்தது.

"நோ!"

கம்பெனி கேட்டில் நின்ற வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தார்.

அவள் பேச ஆரம்பித்தாள், மெதுவாக. பள்ளிக்கூடம், மழை, யாரோ ஒரு தோழி. பாதிதான் பிடிபட்டது. விட்டுப்போன இடத்திலெல்லாம் வெட்கமே இல்லாமல் அதே வாக்கியத்தைச் சொன்னான். ஒவ்வொரு தடவையும் அவள் முதலிலிருந்து தொடங்கினாள்.