மிசஸ் டெய்லருக்கு உடம்பு சரியில்லை

இங்கிலாந்தில் மிசஸ் டெய்லர் என்றொரு கிழவி. வயது அறுபத்தெட்டு. காய்ச்சல் வந்து போனதிலிருந்து அவளுக்கு உடம்பில் தெம்பே இல்லை. இவ்வளவும் ஒரு அட்டையில் அச்சடித்திருந்தது. புதுச்சேரிப் பக்கம் செலியமேடு கிராமத்தில், தணிகைவேல் வீட்டுக் கூடத்தில், தினமும் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த மிசஸ் டெய்லராக உட்கார வேண்டியவள் அவர் மனைவி வசந்தா.

மகள் வெண்ணிலா நர்சிங் படித்தவள். புதுச்சேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, அதையும் உதறிவிட்டு, இங்கிலாந்து போவதற்கான இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அதில் பேச்சுத் தேர்வு ஒன்று உண்டு. எதிரே ஒருவர் நோயாளியாக நடிப்பார், நர்ஸ் இங்கிலீஷில் விசாரிக்க வேண்டும். பழகிப் பார்க்க ஆள் வேண்டுமே? வீட்டில் சும்மா இருப்பவள் அம்மாதானே. விடியற்காலையில் மூன்று மாடு கறந்து, கரும்பு வெட்டுகிற ஆட்களுக்குச் சோறாக்கிச் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்து சும்மா இருப்பவள்.

"நீ தமிழ்லயே பதில் சொல்லும்மா. நான் இங்கிலீஷ்ல மாத்திக்கிறேன். இன்னா தோணுதோ சொல்லு."

முதல் நாள் வசந்தாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெண்ணிலா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டாள். என்றைக்கும் இல்லாத கனிவை முகத்தில் வரவழைத்துக்கொண்டு, இங்கிலீஷில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையுமாகக் கேட்டாள். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது? ராத்திரி தூக்கம் வருகிறதா? என்ன செய்தால் அதிகமாகிறது? வசந்தாவின் சிரிப்பு நின்றுவிட்டது. கல்யாணமாகி இந்த இருபத்தெட்டு வருடத்தில் இப்படியெல்லாம் அவளை யாரும் கேட்டதில்லை. மாட்டுக்கு என்றால் கேட்டிருக்கிறார்கள்.

அவள் உள்ளதைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு மாசமாவே மூச்சு வாங்குதும்மா. வரப்பு ஏறுனா நெஞ்ச அடைக்குது. மல்லாக்கப் படுக்க முடியல. ரெண்டு தலவாணி வெச்சாத்தான் கண்ணே மூடுது."

"சூப்பர்ம்மா! சின்னபொண்ணு அத்த மாதிரியே சொல்ற!"

சின்னபொண்ணு பக்கத்துத் தெருக்காரி. இருதயக் கோளாறில் படுத்துக் கிடந்து போன வருடம் செத்துப்போனாள். அவளுக்குக் கடைசிவரை கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவள் வசந்தா. அந்தப் பழக்கத்தில் அம்மா அச்சு அசலாக நடிக்கிறாள் என்று மகள் தானாக முடிவு செய்துகொண்டாள்.

ஒவ்வொரு பதிலுக்கும் வெண்ணிலா நோட்டில் ஒரு வார்த்தை எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். வீக். டயர்ட். ஃப்ரெயில். ஃபீபிள். லெதார்ஜிக். எக்ஸாஸ்டட். ஒரு அசதிக்கு வெள்ளைக்காரன் இத்தனை பேரா வைத்திருக்கிறான் என்று வசந்தா வாயைப் பிளந்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், "முடியல." அதைச் சொன்னால் அந்த வீட்டில் கிடைக்கும் பதிலும் ஒன்றுதான், "யாருக்குத்தான் முடியுது?"

ஒரு மாதம் போயிருக்கும். கேள்வி வருவதற்கு முன்பே வசந்தா புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"கால் வீக்கமா இருக்குதும்மா. மெட்டிய சோப்பு போட்டுத்தான் கழட்டுனேன்."

வெண்ணிலா நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எம்மா, கார்டுல வீக்கம் இல்ல, வீக்னஸ்தான். வீக்கம்னு சொன்னா கேஸே மாறிடும். கார்டுல இருக்கறத மட்டும் சொல்லு."

"நெசமாவே வீங்கியிருக்குதுடி."

"நெசமாவேன்னு வேற! ஐயோ, கொல்றம்மா நீ."

பேசியதையெல்லாம் போனில் பதிவு செய்து பயிற்சி வகுப்பு சேவியர் சாருக்கு அனுப்பினாள். உங்கம்மாவுக்கு விருதே கொடுக்கலாம் என்று அவர் பதில் போட்டார். தணிகைவேலுக்குத் தலைகால் புரியவில்லை, டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அன்று வசந்தா அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "எனக்கு முடியலங்க. ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கி இட்டுனு போங்க." அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "என்கிட்டயேவா? மவளோட நிறுத்திக்கடி."

தானே பஸ் ஏறிப் பாகூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்தான். மாட்டை யார் கறப்பது? அதைவிட, நர்ஸை வீட்டில் வைத்துக்கொண்டு ஊரான் முன்னால் போய் நிற்பதற்கு அவளுக்கு மனசு வரவில்லை. மகள் என்றைக்காவது நோட்டை மூடிவிட்டுக் கேட்பாள் என்று காத்திருந்தாள். பைத்தியக்காரி.

பரீட்சையில் வெண்ணிலா தேறிவிட்டாள். பேச்சுத் தேர்வில்தான் மதிப்பெண் அதிகம். தெருவுக்கே லட்டு கொடுத்தார்கள். மறுநாள் மூன்று மணிக்கு வசந்தா முகம் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னாம்மா?" என்றாள் வெண்ணிலா, போனைப் பார்த்தபடி.

"கேள்வி கேக்கலியா?"

"அதான் பாஸாயிட்டேனே! இனிமே நீ ஃப்ரீம்மா."

வசந்தா எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

பத்து நாள் கழித்து, பால் கறந்துகொண்டிருந்தவள் அப்படியே மாட்டின் காலடியில் சாய்ந்தாள். ஆம்புலன்ஸில் புதுச்சேரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மூக்கையும் வாயையும் மூடி ஆக்சிஜன் வைத்த பிறகுதான் அவளுக்கு நினைவு திரும்பியது. கட்டில் பக்கத்தில் டாக்டர் விசாரித்துக்கொண்டிருந்தார். வெண்ணிலா இங்கிலீஷில் பொழிந்துகொண்டிருந்தாள், ஒரு தடுமாற்றம் கிடையாது. மூச்சு வாங்கியது, வரப்பில் நெஞ்சடைத்தது, இரண்டு தலையணை, வீங்கிய கால் எல்லாம் வரிசையாக வந்தன. வசந்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்த வார்த்தைகளைத் தெரியும். ஒவ்வொன்றும் அவள் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது.

எழுதிக்கொண்டே வந்த டாக்டர் சட்டென்று நிமிர்ந்தார். "எத்தன மாசமா?"

"மூணு மாசமா சார்." அது தமிழில் வந்தது.

"நீங்க நர்ஸுன்னுதானே சொன்னீங்க?"

வெண்ணிலா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். தணிகைவேல்தான் முந்திக்கொண்டார். "அவ எங்க சார் வாயத் தொறந்து சொன்னா? எல்லாத்தையும் உள்ளயே வெச்சிக்குவா. எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

டாக்டர் வசந்தாவின் பக்கம் குனிந்தார். "சொல்லணும்லம்மா? நீங்களே சொல்லலன்னா மத்தவங்களுக்கு எப்படித் தெரியும்?"

வசந்தா முகமூடியைக் கீழே இழுத்தாள்.

"சொன்னேங்க ஐயா. தெனமும் மூணு மணிக்கி சொன்னேன். தோ நிக்கிறாளே, இவதான் எழுதிக்கினா."

பணியிலிருந்த நர்ஸ் ஓடிவந்து முகமூடியை மறுபடி பொருத்தினாள். வெண்ணிலா அழுதுகொண்டே அம்மாவின் கையைப் பிடிக்க வந்தாள். வசந்தா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.