வெங்காயத்துக்கு நடுவே ஒரு வழி

"பாப்பாவுக்கு நம்ம வீட்டுக்கு வர வழி தெரியுமா, அத்தை?"

பக்கத்துத் தோட்டத்துக்காரரின் கடைக்குட்டி ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்ட கேள்வி இது. வயிற்றில் பிள்ளையோடு துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். தெரியாவிட்டால் கேட்டுக் கேட்டு வந்துவிடும் என்று சொன்னாள். சிறுமிக்கு அந்தப் பதில் போதவில்லை. "உங்களுக்கே தெரியலையே" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனாள்.

சிறுமி சொன்னதும் நியாயம்தான். நகரத்திலிருந்து இவளும் கணவனும் குடிவந்த அன்று, சாமான் ஏற்றிய வண்டி வழி தவறி அந்தத் தோட்டத்துக்குள் போய் நின்றது. ஓட்டுநர் இறங்கி, எங்கே நிறுத்துவது என்று கேட்டார். புதிதாகப் பால் குளிரூட்டு நிலையத்தில் வேலைக்குச் சேர வந்திருந்த கணவன், பச்சைப்பசேல் என்று தெரிந்த ஒரு பக்கத்தைக் கைகாட்டி, "அந்தப் புல்லு மேல போட்டுடுங்க" என்றான். அது புல் அல்ல. தோட்டத்துக்காரர் விதைத்து வளர்த்த வெங்காய நாற்றங்கால்.

அவர் வந்து பார்த்தபோது பீரோவும் கட்டிலும் நாற்றின் மேல் இறங்கியிருந்தன. நிறைய கத்தவில்லை. "புல்லா சார் இது?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் தோட்டத்து வாசலில் முழங்கால் உயரம் இருக்கும் இரண்டு கற்களை உருட்டிவந்து நட்டு, சுண்ணாம்பு அடித்துவிட்டார். இனி எந்த வண்டியும் உள்ளே போக முடியாது. அந்த வாரமே பால் ஊற்ற வருகிறவர்கள் எல்லாம் அவனை "புல்லு சார்" என்று அழைக்கத் தொடங்கினார்கள். பாலைச் சோதித்துத் தரம் சொல்கிற ஆளுக்குப் புல்லையும் வெங்காயத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை என்று அவர்களுக்கு ஒரே குஷி.

அவன் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். போய்க் கேளுங்க என்று மனைவி பலமுறை சொன்னாள். வெட்கம் விடவில்லை. நாளாக ஆக, கேட்காமல் விட்டதே புதிய வெட்கமாகிவிட்டது. தோட்டத்துக்காரர் எதிரே வந்தால் அவன் கைபேசியைப் பார்ப்பான்; அவர் ஆகாயத்தைப் பார்ப்பார்.

அவள் நகரத்தில் கார் ஓட்டக் கற்றுத்தந்தவள். அந்தப் பயிற்சிப் பள்ளியை விட்டு வரும்போது அங்கே பழசாகிப்போன ஒரு காரை வாங்கி வந்திருந்தாள். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும் கார் அது. கணவன் ஓட்டும்போதெல்லாம் அந்தப் பிரேக்கின் மேல் அவள் கால் இருக்கும். "பாதி வண்டியை நீதான் ஓட்டுறே" என்பான் அவன். "நிறுத்துற பாதியை" என்பாள் அவள்.

வயிறு இறங்க இறங்க, சிறுமியின் கேள்வி அவளுக்குள் வேறு மாதிரி ஒலிக்கத் தொடங்கியது. மருத்துவமனை பெரிய சாலையைத் தாண்டி, டவுனில் இருந்தது. அந்தச் சாலைக்குப் போக இருந்தது ஒரே ஒரு மண்வழி. அதிலும் நடுவில் ஒரு சின்னப் பாலம். கைப்பிடிச் சுவர் கூட இல்லாதது. வலி வருகிற நேரத்தில் மழை பெய்தால்? அவளுடைய அம்மா தினமும் போன் செய்து இதையே கேட்டாள். மூட்டுவலியோடு மாடிப்படி இறங்க முடியாத அம்மாவால் கேட்க மட்டும்தான் முடிந்தது. இவள் சாமி படத்துக்கு முன்னால் வேறெதுவும் வேண்டவில்லை. வழி கிடைத்தால் போதும் என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

மழை பெய்தது. விட்டுவிட்டு இரண்டு நாள் பெய்து ஓய்ந்த மத்தியானம் அவளுக்கு வலி எடுத்தது. குறித்த நாளுக்கு முன்னாலேயே எடுத்துவிட்டது. கணவன் காரை எடுத்தான். பையை வைத்தான், இறக்கினான், மறுபடியும் வைத்தான். அவள் தன் வழக்கமான இடத்தில், இரண்டாவது பிரேக்குக்கு மேல் உட்கார்ந்துகொண்டு, "ஹேண்ட் பிரேக்கை எடுங்க முதல்ல" என்றாள்.

பாலம் வரைக்கும்தான் போக முடிந்தது. அதன் ஒரு பக்கம் அப்படியே சரிந்து வாய்க்காலில் கிடந்தது. அதைப் பார்க்க வந்த தோட்டத்துக்காரரும் அவர் மனைவியும் அங்கே நின்றிருந்தார்கள். கடைக்குட்டி அப்பாவின் விரலைப் பிடித்திருந்தாள். ஆம்புலன்ஸ் வந்தாலும் அந்தக் கரையோடு நின்றுவிடும். அவளை நடத்திக் கூட்டிப்போக முடியாதபடி வாய்க்காலில் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. கணவன் இறங்கிப் பாலத்தைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். யாரிடம் என்ன கேட்பது என்று தெரியாமல் நின்றான்.

தோட்டத்துக்காரர் காருக்குள் எட்டிப் பார்த்தார். அவள் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். விறுவிறுவென்று திரும்பி நடந்தார். கோபித்துக்கொண்டுதான் போகிறார் என்று கணவன் நினைத்தான். அவர் நேரே போய்த் தன் தோட்டத்து வாசலில் இருந்த கல்லுக்குத் தோள் கொடுத்துத் தள்ளினார். ஒன்று உருண்டது. பிறகு மற்றது. தோட்டத்தின் மறுகோடி, வாய்க்காலைத் தாண்டாமலே, பெரிய சாலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடுவில் இருந்தது முழுக்க வெங்காயம். நாற்றங்கால் போனபின் வேறு இடத்தில் நாற்று வாங்கி, சில நாள் முன்னால்தான் நட்டு முடித்திருந்தது.

கணவன் காரைத் திருப்பி வாசலுக்குக் கொண்டுவந்ததும், அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வயலுக்குள் இறங்கினார். "அந்த மேட்டுப் பக்கம் அடியில சரளை. வண்டி தாங்கும். நான் கால் வெக்கிற இடத்துலயே வாங்க."

கணவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தயங்கினான். முன்னால் பச்சை வரிசைகள், இன்னும் சரியாக நிமிரக்கூடச் செய்யாதவை.

"என்ன பாக்குறீங்க?" என்றார் அவர். "இன்னிக்குப் புல்லுன்னே நெனச்சுக்கங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் குத்தலும் இல்லை அந்தக் குரலில். அவர் மனைவி, சேற்றுக் காலோடு பின் சீட்டில் ஏறி, முன்னால் இருந்தவளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கார் இறங்கியது. பாதி தூரம் போவதற்குள் ஒரு வலி வந்து உடம்பை முறுக்க, அவள் கால் தானாகவே பிரேக்கை அழுத்திவிட்டது. கார் குலுங்கி நின்றது. மறுபடி கிளப்பியபோது சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரி அடித்தது.

தோட்டத்துக்காரர் திரும்பி வந்து, பின்னால் போய், முதுகு கொடுத்து முட்டினார். சேறு அவர் முகம் முழுவதும் தெறித்தது. வண்டி அசைந்ததும் ஜன்னலருகே வந்து, "காலை எடுத்துடு தங்கச்சி. நின்னா புதைஞ்சுரும். நான் பாத்துக்கிறேன்" என்றார்.

நகரத்தில் எத்தனையோ பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள் அவள். மற்றவர் ஓட்டும் வண்டியில் பிரேக்கை விட்டு அவள் கால் எடுத்ததே இல்லை. முதன்முறையாக இரண்டு காலையும் மடக்கிச் சீட்டுக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். கார் போய்க்கொண்டே இருந்தது. பிறகு சக்கரத்துக்கு அடியில் தார் கடகடத்தது.

மாலைக்குள் பெண் குழந்தை பிறந்தது. கூடவே இருந்து முதலில் கையில் வாங்கியது தோட்டத்துக்காரரின் மனைவி. மூக்கு யாரைப் போல என்று நர்ஸோடு ஒரு வாக்குவாதமே நடத்தினாள்.

நல்லவர்களைக் கடவுள் சில சமயம் முறைத்த முகத்தோடு அனுப்பிவைக்கிறார். அடையாளம் கண்டுகொள்ள நமக்குத்தான் நாளாகிவிடுகிறது.

அவர்கள் வீடு திரும்பிய அன்றும் பாலம் சரியாகவில்லை. தோட்டத்துக்காரர் கற்களை மறுபடி நடாமல் ஓரமாகவே போட்டிருந்தார். குழந்தை வந்த வழியிலேயே வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. வாசலில் காத்திருந்த கடைக்குட்டி துணிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, வழி தெரிந்துவிட்டதா என்று கேட்டாள். "உங்கப்பாதான் காட்டினாரு" என்றாள் தாய். சிறுமி பெருமையில் சற்று உயர்ந்தாற்போல் நின்றாள். முதல் நாளிலிருந்தே இவளை அவள் அத்தை என்றுதான் அழைத்து வந்திருக்கிறாள். இப்போதுதான் அந்தச் சொல் முழுசாகியிருந்தது.

அன்று சாயங்காலமே கணவன் போய் மன்னிப்புக் கேட்டான். பழையதற்கும் புதியதற்கும் சேர்த்து. நசுங்கிய பயிருக்கு ஏதாவது செய்கிறேன் என்றபோது அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"பொண்ணு வந்த வழிக்கு யாராச்சும் வாடகை வாங்குவாங்களா? போங்க சார், பாப்பா அழுவுது பாருங்க."

அவன் வீட்டுக்குத் திரும்பினான். ஆனால் தினமும் வேலைக்குப் போகும்போது அந்த இரண்டு சக்கரத் தடங்களையும் பார்த்துக்கொண்டுதான் போனான். பச்சைத் துணியில் விழுந்த கிழிசல் போல, வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. பாலத்துக்கு மண் கொட்டிச் சரிசெய்துவிட்டார்கள். இனி அந்த வழி தேவைப்படாது.

பால் ஊற்ற வருகிற ஒருவரிடம் மிச்ச நாற்று இருந்தது. எப்படிப் பிடுங்குவது, எவ்வளவு ஆழத்தில் ஊன்றுவது என்று அவரிடமே கேட்டுக்கொண்டான். புல்லு சாருக்கு எதற்கு நாற்று என்று அவர் கேட்டார். வீட்டுக்குப் பின்னால் போட என்று சொல்லிவைத்தான். அந்த அளவுப் பொய்யைக் கடவுள் பொறுத்துக்கொள்வார் என்று நம்பினான்.

சந்தை நாளன்று தோட்டத்துக்காரரும் மனைவியும் போய்விட்டார்கள். சிறுமி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வீட்டில் தாயும் குழந்தையும் தூக்கத்தில் இருந்தார்கள். வானம் மூடி, வெயில் இல்லாமல் இருந்தது. காலைப் பால் வேலையை முடித்துவிட்டு வந்தவன், செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கினான். சக்கரம் அமுக்கிய மண் ஓடு போல இறுகிக் கிடந்தது. தண்ணீர் தெளித்து, களைக்கொத்தால் கொத்திப் பொலபொலவென்று ஆக்கினான். பிறகு உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்து, ஒவ்வொரு நாற்றாக விரலால் குழித்து ஊன்றினான். முதலில் கோணல்மாணலாக நின்றன. போகப் போக வரிசை நேரானது. இடுப்பு விட்டுப்போகும்போது, இதே மண்ணில் ஒருவர் முதுகு கொடுத்துக் காரைத் தள்ளியது நினைவுக்கு வந்தது. மறுபடி குனிந்தான்.

இரண்டு தடமும் மூடியதும் குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து, நாற்று சாயாமல் விரல்களுக்கு இடையே வடித்து ஊற்றினான். வரப்பில் பதிந்திருந்த தன் காலடிகளைக் கையாலேயே தடவி அழித்தான். கடைசியாகக் கற்களை உருட்டிவந்து, பழைய பள்ளத்திலேயே பொருத்தி, ஆடுகின்றனவா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்தான்.

ஆடவில்லை. நகத்திலிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டு, சாயங்காலப் பாலைச் சோதிக்கக் கிளம்பினான்.