பெருமாயி வீட்டு ஜப்பான் நிலையம்

1997 சித்திரையில் வாசலூர்பட்டி பெருமாயி வீட்டில் அப்துல் நாசர் மாட்டிக்கொடுத்த டி.வி.யில் தூர்தர்ஷன் வரவில்லை. ஜப்பானில் ஏதோ ஒரு கடலோரச் சிற்றூரின் டி.வி. நிலையம் வந்தது. ஜப்பான்தான் என்பதை நாசர் தன் கடையிலிருந்த பழைய ரேடியோவின் அட்டைப்பெட்டியைப் பார்த்து உறுதி செய்துகொண்டார். எழுத்துகள் ஒரே சாயல். நிலையமும் அன்றுதான் தொடங்கியிருக்க வேண்டும், முதல் காட்சியே ரிப்பன் வெட்டுவது. மலையடிவாரப் பேளுக்குறிச்சியில் பதினோரு வருடமாகக் கடை நடத்தும் நாசர் விற்ற பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமையைக் கடைப் பலகையிலேயே எழுதி வைத்திருந்தார். ஆகவே மலைப்பாதையின் எழுபது கொண்டை ஊசி வளைவையும் மூன்று முறை ஏறி வந்து, ஆன்டெனாவை எட்டுத் திசைக்கும் திருப்பிப் பார்த்தார். கம்பம் நடாமல் சில்வர் ஓக் மரத்திலேயே கட்டியதுதான் வினை. மரத்தில் ஏறியிருந்த மிளகுக் கொடி ஆன்டெனாவையும் சுற்றிக்கொண்டு, தன் இஷ்டத்துக்கு நிலையம் பிடித்தது. கொடியை அறுத்தால் தமிழ் வரும், இல்லையென்றால் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னார் நாசர்.

"ரெண்டும் வேண்டாமுங்க பாய். அந்தப் புள்ள வந்ததும் என்னையப் பாத்துக் குனிஞ்சு கும்புட்டுச்சு. கும்புட்டவங்கள எப்புடிங்க ஊட்ட உட்டுத் தொரத்தறது?" என்றாள் பெருமாயி.

அந்தப் பிள்ளை செய்தி வாசிப்பவள். அங்கே சாயங்காலச் செய்தி, இங்கே பிற்பகல் மூன்று மணி. பெருமாயி அவளுக்குச் சின்னக்கண்ணு என்று பெயர் வைத்தாள். பருவத்தின் முதல் பலாவை வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் பங்கிட்ட பிறகே விற்பது பெருமாயி வீட்டு வழக்கம். தினமும் வருகிறவளை எப்படி விடுவது? டி.வி. முன் நான்கு சுளைகளை வைத்தாள். மறுநாள் தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. சின்னக்கண்ணு பிசின் ஒட்டிய விரல்களோடு இரண்டு நாள் செய்தி எழுதிய தாள்களைப் பிரிக்க முடியாமல் திண்டாடினாள். அடுத்த வருடம் சுளையோடு ஒரு கிண்ணம் தேங்காய் எண்ணெயும் வைக்கப்பட்டது. 2001 தை மாதம் அங்கே பெய்த பனி, பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு படி அளவு கொட்டியது. பெருமாயி கூட்டி அள்ளிக் காப்பிச் செடிக்குப் போட்டாள். இதெல்லாம் கேரண்டியில் வராது என்று நாசர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொன்னாரே ஒழிய, வாரம் ஒரு முறை பழுது பார்க்கும் சாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

2003இல் நிலையத்தில் நாற்காலிகள் குறைந்தன. பிறகு ஆட்கள் குறைந்தார்கள். கடைசியில் சின்னக்கண்ணுவே விளக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்து உட்கார்ந்து வாசித்தாள். ஒரு வாரம் முழுக்கத் திரையில் ஒரு முகவரியைக் காட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூடும் தறுவாயில் இருக்கிற நாலு சாமானைப் பரப்பி வைத்துக் கடை நிறைந்திருப்பதாகக் காட்டுகிறவர்களை நாசருக்குத் தெரியும். "மூடப் போறாங்கக்கா. பாக்கறதுக்கு ஆளில்லேன்னு நெனைக்கறாங்க" என்றார்.

"நாம பாக்கறமுங்களே, பாய்?"

மறுநாள் நாசர் தன் மனைவி தாஹிரா பீவியை அழைத்து வந்தார். அடிவாரத்துக் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் மருதாணி இடுகிறவர் அவர். எந்தக் கோலத்தையும் கையில் வரைந்தால்தான் அவருக்கு மனதில் நிற்கும். அந்த முகவரியைத் திரையில் பார்த்துப் பார்த்து இடது உள்ளங்கையில் மருதாணியால் இழுத்தார். வீட்டுக்குப் போய் அதைப் பார்த்து ஓர் அஞ்சலட்டையில் எழுதினார். மறுபக்கம் பெருமாயி சொன்னதை நாசர் தமிழில் எழுதினார்: "பாக்கறோமுங்க. மூடீராதீங்க."

இரண்டு வாரத்தில் மங்க வேண்டிய மருதாணி மங்கவில்லை. பாத்திரம் தேய்த்தும் போகவில்லை. தினமும் விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் நாசர் மனைவியின் கையை வாங்கிப் பார்ப்பார். "இருக்குங்க" என்பார் தாஹிரா. அட்டை இன்னும் போய்ச் சேரவில்லை என்று இருவரும் புரிந்துகொண்டார்கள். அட்டையைத் தபாலில் போட்ட எட்டாம் மாதம் திரை இருண்டது. பெருமாயி அந்த ஆண்டு ஆன்டெனாவைச் சுற்றிய கொடியில் ஒரு மிளகுகூடப் பறிக்கவில்லை. திரை இருண்ட மூன்று நாளும் மூன்று மணிக்கு டி.வி. முன் வந்து உட்கார்ந்தாள்.

நான்காம் நாள் தாஹிரா அரிசி களைந்துகொண்டிருந்தபோது மருதாணி மொத்தமும் தண்ணீரோடு போயிற்று. ஈரக் கையை நீட்டிக்கொண்டு அவர் கடைக்கே ஓடி வந்தார். நாசர் கடையைக்கூடப் பூட்டாமல் மலைக்குப் பஸ் ஏறினார். மூன்று மணிக்குத் திரை வெளுத்தது. சின்னக்கண்ணு வந்தாள். பின்னால் நாற்காலிகள் திரும்பியிருந்தன, ஆட்களும் இருந்தார்கள். அவள் அஞ்சலட்டையைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டி, நெற்றி மேசையில் படும்வரை குனிந்தாள். நாசர் அழுதார், அதை மறைக்கவும் இல்லை.

அந்த நிலையம் இன்னும் மூடப்படவில்லை. செய்தி முடிந்ததும் சின்னக்கண்ணு நிமிர்ந்து, வாசலூர்பட்டிக்காரி மாதிரியே "பாக்கறோமுங்க" என்கிறாள். யார் சொல்லிக்கொடுத்தது என்று நாசர் விசாரிக்கவில்லை.

"செரி கண்ணு, நாளைக்கு வா" என்று சொல்லிவிட்டுப் பெருமாயி காயும் மிளகைத் திருப்பிப் போடக் களத்துக்குப் போகிறாள்.