மூன்றாவது அறிவிப்பு

சபையில் அவளை எல்லாரும் டைப்பிஸ்ட் என்றுதான் கூப்பிட்டார்கள். அது அவளுக்குச் சௌகரியமாக இருந்தது. போதகரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவள் கொடுத்த பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாமே உளவுத்துறை தயாரித்துக் கொடுத்தவை. நான்கு வருடம் ஆகியும், அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவளுக்கு அரை நொடி பிந்தியது.

விசுவாசத்துக்காகச் சிறையில் கிடந்தவர்களின் கடிதங்கள் எப்படியோ எல்லை தாண்டிப்போய் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தன. கொண்டுபோவது யார் என்று கண்டுபிடிக்கத்தான் அவளை அங்கே நட்டு வைத்திருந்தார்கள்.

புதன்கிழமை தோறும் சித்தப்பா வருவார். ரத்த சம்பந்தம் ஒன்றும் கிடையாது. துறையில் அவளுக்கு மேலதிகாரி; ஊர் பார்வைக்குச் சித்தப்பா. அவள் மடித்துக் கொடுக்கும் காகிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வேளாவேளைக்குச் சாப்பிடறியாம்மா?" என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டுவிட்டுப் போவார். சில நாள் அவர் நிஜமாகவே கேட்கிறாரோ என்று தோன்றும். அதை அவள் மேற்கொண்டு யோசிப்பதில்லை. யோசிக்காமல் விடுவது அவளுக்கு நன்றாகக் கைவந்திருந்தது.

ஆலயத்தின் பின்கட்டில் பைண்டரின் அறை. கிழிந்த பாட்டுப் புத்தகங்களும் நைந்த வேதாகமங்களும் அங்கேதான் போகும். மாதம் ஒரு முறை சிறைச்சாலையிலிருந்தும் ஒரு கட்டு வரும்; அதற்குப் பட்டியல் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. பட்டியலை வாங்கும்போதெல்லாம் அவர் பசை ஒட்டிய விரலைத் தூக்கிக் காட்டி, "மேசை மேல வைங்க, என்கிட்ட வந்தா பிரியாது" என்பார். ஒருநாள் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"எனக்கு நாப்பத்திரண்டு வயசு. முடி பாதி போயிருச்சு. பல்லு முழுக்க சொந்தப் பல்லு. கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு, அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

புதன்கிழமை அறிக்கையில் அதையும் எழுதினாள். சித்தப்பா படித்துவிட்டு, "சரின்னு சொல்லிடு. குடும்பம்னு ஆயிட்டா உன்கிட்ட யாரும் எதையும் மறைக்கமாட்டாங்க" என்றார்.

"நிஜமாவே பண்ணிக்கணுமா?"

"பேரே உன்னோடது இல்ல. கல்யாணம் மட்டும் எப்படிம்மா உன்னோடதாகும்?"

அந்தச் சபையின் முறைப்படி, திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் இருவர் பெயரையும் வாசிக்க வேண்டும். தடை ஏதும் தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம். முதல் ஞாயிறு ஏதோ ஒரு குழந்தை தும்மியது, எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் ஞாயிறு அதுவும் இல்லை. பைண்டர் முதல் வரிசையில் காது சிவக்க உட்கார்ந்திருந்தார். அவளோ பற்பசை விளம்பரத்தைக் கேட்பதுபோல் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த செவ்வாய் பட்டியலோடு போனபோது அவர் பசை காய்ச்ச மைதா வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மேசையில் சிறையிலிருந்து வந்த வேதாகமம் ஒன்று விரிந்து கிடந்தது. அட்டையின் உள்தாள் ஈரத்தில் பாதி பிரிந்திருந்தது. அதன் அடியில் சிகரெட் தாள் அளவுக்கு மெல்லிய காகிதம், பென்சில் எழுத்து. 'அம்மாவுக்கு, எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. பயப்படாதே. மனப்பாடமாகத் தெரிந்த வேதத்துச் சங்கீதங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.' பக்கத்தில் வெளிநாட்டுச் சபைக்குப் போகவேண்டிய பாட்டுப் புத்தகங்கள். ஒன்றின் அட்டை இன்னும் மூடாமல் இருந்தது. அதற்குள்ளும் அதேபோல் ஒரு காகிதம்.

நான்கு வருடம் தேடியது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பிரிந்த தாளைப் பழையபடி படியவைத்து விரலால் நீவிவிட்டு, பட்டியலை மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

புதன்கிழமை அவளிடம் காகிதம் இல்லை.

"மேலே இருக்கறவங்களுக்குப் பொறுமை போயிருச்சு" என்றார் சித்தப்பா. "போதகர்தான்னு முடிவு பண்ணிட்டாங்க. ஞாயித்துக்கிழமை வெளிநாட்டு விருந்தாளிங்க வர்றாங்க இல்ல? அவங்க மத்தியானம் கிளம்பினதும் அவரைத் தூக்கறாங்க."

"அவர் இல்ல."

"அப்ப யாரு?"

அவள் தட்டச்சு இயந்திரத்துக்கு உறை போட்டாள்.

"அதுக்குள்ள பேர் சொன்னா அவர் தப்பிச்சார். இல்லன்னா அவர்தான்."

ஞாயிற்றுக்கிழமை வரை அவள் எந்த முடிவும் எடுக்கவில்லை. துணி துவைத்தாள். ஆராதனைத் தாளைத் தட்டச்சு செய்தாள். ஞாயிறன்று விருந்தினர் ஆறு பேர் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள். சித்தப்பா கடைசி வரிசையில். போதகர் இரண்டு பெயர்களையும் வாசித்து, "இது மூன்றாவது அறிவிப்பு. தடை அறிந்தவர்கள் சொல்லலாம்" என்று நிறுத்தினார்.

அவள் எழுந்து நின்றாள்.

"ஐயா, அந்தப் பேர் என்னோடது இல்ல. என்னை உளவுத்துறையில இருந்து அனுப்பினாங்க. நாலு வருஷமா உங்க எல்லாரைப் பத்தியும் எழுதிக் கொடுத்தேன். இன்னைக்கு மத்தியானம், விருந்தாளிங்க கிளம்பினதும், உங்களைப் பிடிக்க வர்றாங்க. நீங்க எதுவும் செய்யல." கொஞ்சம் யோசித்து, "அவ்வளவுதான்" என்று உட்கார்ந்தாள்.

மொழிபெயர்ப்பாளர் அதை விருந்தினர் காதில் சொல்வது மட்டும் கேட்டது. பைண்டர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். அவள் பக்கம் திரும்பவில்லை.

விருந்தினர் அன்று கிளம்பவில்லை. மூன்று நாள் போதகரின் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். அத்தனை வெளிநாட்டுக் கண்களுக்கு முன்னால் அவரைத் தூக்கத் துறைக்குத் துணிவில்லை; அவர் பெயர் வெளிநாடுவரை போய்விட்டதால் அதற்குப் பிறகும் தொடவில்லை.

அவளைத்தான் அன்று மாலை கூட்டிப்போனார்கள். பதினான்கு நாள் ஒரே கேள்வி. "யாரு?" அவளும் ஒரே பதில். "கண்டுபிடிக்கல." கேட்டவர் சித்தப்பாதான். கடைசி நாள் அவர் கோப்பை மூடிவிட்டு ரொம்ப நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். 'திறமை போதாது' என்று எழுதி அவளை நகரத்தின் மறுகோடியில் இருந்த கோப்புக் கிடங்குக்கு மாற்றினார். தூசி தட்டி, வருடவாரியாக அடுக்கும் வேலை. அவள் அழவில்லை. அழுகை வராததைப் பற்றிக்கூட அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு காலையில், பேருந்து நிறுத்தத்தில் போதகர் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"பைண்டர் அன்னைக்கே எல்லை தாண்டிட்டார். கல்யாணம் நின்ன அவமானத்துல ஊரை விட்டுப் போயிட்டார்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. நல்லா இருக்கார்."

அவள் தலையாட்டினாள்.

"ரொம்ப நாள் கோபமா இருந்தார். யாராவது உங்க பேச்சை எடுத்தா எழுந்து போயிடுவாராம். போன வாரம் எனக்கு ஒரு கடிதம். அதுல ஒரே கேள்விதான். உங்க நிஜப் பேர் என்னன்னு."

"எதுக்காம்?"

"உங்களுக்காக ஜெபம் பண்ணணுமாம். தப்பான பேரைச் சொன்னா போய்ச் சேருமான்னு சந்தேகமாம்."

"கடவுளுக்குத் தெரியாதா, ஐயா?"

"அவருக்குத் தெரியும்மா. பைண்டருக்குத் தெரியலையே."

அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு பெயரைச் சொன்னாள். லாரி ஒன்று கடந்துபோனதில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்கச் சொன்னாள். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, எழுத்துச் சரியா என்று காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

பேருந்து வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். சந்தோஷமா, துக்கமா, ஒன்றும் பிடிபடவில்லை. எங்கே இறங்க வேண்டும் என்று நடத்துநர் கேட்டபோதுதான் கிடங்கு நிறுத்தம் இரண்டு நிறுத்தத்துக்கு முன்னாலேயே போய்விட்டது தெரிந்தது. இறங்கித் திரும்பி நடந்தாள்.