செக்கிங்காரி

போடியில் ஞானதுரை முதலாளியின் ஏலக்காய்க் கடையில் காயைத் தரம் பிரித்துப் பொறுக்குகிற பெண்கள் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புவது லேசுப்பட்ட காரியம் இல்லை. உள்வாசலுக்கும் தெருவாசலுக்கும் நடுவே திரை போட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் ஒருத்தி ஒருத்தியாக நுழைய வேண்டும். முந்தானையை உதறி, கொசுவத்தைத் தளர்த்தி, கொண்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். வெற்றிலைப் பையைக் கவிழ்க்க வேண்டும், தூக்குச்சட்டியைத் திறக்க வேண்டும். வீட்டுக்கு விலக்கான நாள் என்றாலும் விடமாட்டார்கள். ஏலக்காய் அந்த விலை விற்றது. மனுஷியின் மானம் அந்த விலை விற்கவில்லை.

தடவிப் பார்க்கிற கை கிருபாவதியுடையது. அவளும் ஒரு காலத்தில் சுளகை மடியில் வைத்துக் காய் பொறுக்கியவள்தான். புருஷன் எஸ்டேட்டில் மரம் முறிந்து விழுந்து செத்துப்போனபோது, ஒரே சபைக்காரி என்ற உரிமையில் முதலாளி அவளை எழுப்பிக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தினார். இடுப்பு ஒடியக் குனிந்த வேலை போய் நிமிர்ந்து நிற்கிற வேலை. உபகாரம் என்றுதான் அவளும் நினைத்தாள், ஜெபத்தில் நன்றிகூடச் சொன்னாள். அன்றோடு அவளிடம் சிரித்துப் பேச ஆள் இல்லாமல் போயிற்று. மத்தியானம் மற்றவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி குழம்பை ஒருத்தி தொட்டுக்கொண்டு ஊர்வம்பு பேசிச் சாப்பிடுவார்கள். கிருபாவதி தன் சட்டியைத் திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு, பேச்சுச் சத்தம் இல்லாத கடை. உயிரோடு இருக்கிறோமா என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வரும்.

காய் பொறுக்குகிறவர்களில் அன்னத்தாய் அவளைக் கண்டால் காறித் துப்புவாள். அதற்குக் காரணம் இருந்தது. மகள் சடங்குக்குப் பாயசம் வைக்க அன்னத்தாய் ஒருநாள் ஒரு கைப்பிடி காயை இடுப்பில் செருகிக்கொண்டாள். கிருபாவதியின் விரல் அதில் பட்டது. பேசாமல் விட்டிருக்கலாம். கணக்கப்பிள்ளை திரைக்கு அந்தப் பக்கம் நிற்கிற பயத்தில், "இங்கன என்னமோ இருக்கு" என்று வாய் சொல்லிவிட்டது. அன்னத்தாயைக் கையில் அந்தக் காயை ஏந்தவைத்துக் கடைவீதி வெயிலில் நிறுத்தினார்கள். பஜாரே பார்த்தது. அப்புறம் எந்தக் கடையிலும் வேலை கிடைக்காமல் அலைந்து, முதலாளி காலில் விழுந்துதான் திரும்பி வந்தாள்.

சங்கம் என்று ஒன்று முன்பே இருந்தது. ஒரு கூலிப் போராட்டத்தில் தோற்றுக் கலைந்தபின் கொடிக்கம்பம் மட்டும் மிஞ்சி, அதிலும் பக்கத்து லாண்டரிக்காரர் துணி காயக் கயிறு கட்டிக்கொண்டார். எமர்ஜென்சி போன மறுவருஷம் அதே கடையில் காய் பொறுக்குகிற பாண்டியம்மாள் அந்தக் கயிற்றை அவிழ்க்க வைத்து மறுபடி கொடியேற்றினாள். மதுரையிலிருந்து தலைவர் யாரும் கார் போட்டு வரவில்லை. சுளகும் கையுமாக உட்கார்ந்திருந்தவர்களே பேசி முடிவெடுத்த சங்கம் அது. முதல் கோரிக்கை கூலிகூட இல்லை, செக்கிங்கை நிறுத்த வேண்டும் என்பதுதான்.

"திருடாதவளுக்கு உதறிக் காட்டுறதுல என்ன கொறஞ்சு போச்சு?" என்று கேட்டார் முதலாளி. கேட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

அப்புறம்தான் பாண்டியம்மாள் குழாயடியில் கிருபாவதியைப் பிடித்தாள். அந்தக் கடையில் யாரும் கிருபாவதியை முறை வைத்துக் கூப்பிட்டு வருஷக் கணக்காகியிருந்தது.

"கிருபாக்கா, நாங்க அத்தன பேரும் கத்துறதும் ஒண்ணுதான், நீ ஒருநா கையக் கட்டிக்கிட்டு நிக்கிறதும் ஒண்ணுதான்."

"எனக்கு வேல போயிருமே ஆத்தா."

"போனா எங்க வரிசையில வந்து ஒக்காரு. நீயும் காய் பொறுக்குனவதானே? சங்கத்துல உன் பேரும் ஒண்ணு. நான் சொல்றேன்ல."

எங்கள் வரிசையில் என்றாளே, அது மட்டும்தான் கிருபாவதியின் காதில் விழுந்தது. வேலை போவது, முதலாளி முறைப்பது, சபையில் நாலுபேர் நாலுவிதமாகப் பேசுவது எல்லாம் அதற்கு அப்புறம்.

மறுநாள் சாயங்காலம் அவள் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். முதலில் நுழைந்தவள் மெஹராஜ். பழக்கத்தில் அவள் கை தானாக முக்காட்டை இறக்கப் போயிற்று.

"எடுக்க வேணாந்தா. அப்படியே போ."

மெஹராஜ் நம்பாமல் நின்றாள். பின்னால் வந்தவர்கள் தள்ளியதில் தெருவுக்கு வந்துவிட்டாள். கணக்கப்பிள்ளை கத்திய கத்தலில் முதலாளியே எழுந்து வந்தார்.

"கிருபாவதி, யார் போட்ட சோறு நீ திங்கிறது?"

"ஆண்டவர் போட்டது மொதலாளி" என்றாள். கட்டிய கையை அவள் அவிழ்க்கவில்லை.

செக்கிங் இல்லாமல் காயைத் தொட விடமாட்டேன் என்று மறுநாள் முதலாளி வேலையை நிறுத்தினார். செக்கிங்குக்கு வேறு ஆள் தேடி முதலாளி தெருத்தெருவாக ஆள் அனுப்பினார். பாண்டியம்மாளின் ஆட்கள் அவருக்கு முன்பே எல்லா வீட்டுக்கும் போய் வந்திருந்தார்கள். ஒருத்தியும் வரவில்லை. ஏலத்துக்குப் போக வேண்டிய காய் தரம் பிரியாமல் மூட்டையிலேயே கிடந்தது. சரக்கு கிடந்தால் வியாபாரியால் தாங்க முடியாது. கடைசியில் இறங்கி வந்தார். இனிமேல் செக்கிங் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். பெண்கள் குலவையிட்டார்கள். பஜாரில் மற்ற கடைக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

முதலாளி யாரும் கேட்காமலே இன்னொன்றும் சொன்னார். "பாவம், கிருபாவதிக்கும் உள்ள ஒரு எடம் குடுத்திருவோம். அவளும் பொழைக்கணும்ல?" சிரித்துக்கொண்டே சொன்னார். எந்தக் காய் எங்கே வெடிக்கும் என்று பார்த்துப் பார்த்தே பணக்காரர் ஆன மனிதர் அவர்.

அடுத்த வாரம் தொடங்கியதும் கிருபாவதி பழைய சுளகைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ரெண்டு ஆளுக்குப் போதுமான குழம்பு சட்டியில் இருந்தது. மத்தியானம் கேட்கிறவளுக்குக் கொடுக்கலாமே என்று வைத்தது. அவள் போய் உட்கார்ந்ததும் இடப்பக்கம் இருந்தவள் நகர்ந்தாள், வலப்பக்கம் இருந்தவளும் நகர்ந்தாள். அன்னத்தாய் எழுந்தே விட்டாள்.

"என் இடுப்பத் தடவுன கை இது. இது பக்கத்துல ஒக்காந்து நான் காய் பொறுக்க மாட்டேன்."

"ஏத்தா, அவ இல்லேன்னா நமக்கு இது கெடச்சிருக்குமா?" என்றாள் பாண்டியம்மாள்.

"கெடச்சிருக்காது. அதுக்கு வேணா ஒரு மாலை வாங்கிப் போடுவோம். பக்கத்துல வச்சுக்க முடியாது."

அன்னத்தாய்க்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள். அப்புறம் இன்னொருத்தி. கொஞ்ச நேரத்தில் பாதிக் கடை எழுந்து நின்றது. மெஹராஜ் எழவில்லை. ஆனால் குனிந்து சுளகையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணக்கப்பிள்ளை வாசலில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார். கிருபாவதி சுளகை எடுத்துக்கொண்டு, சேலையை உதறாமல், யாரும் தடுக்காமல், தெருவுக்கு வந்தாள். அவள் வாங்கிக் கொடுத்த வழிதான் அது.

சாயங்காலம் பாண்டியம்மாள் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஒத்துக்கிற மாட்டேங்கிறாளுக அக்கா. நீ உள்ள வந்தா கொடிய எறக்கிட்டுப் போறோம்னு நிக்கிறாளுக. மொதலாளி அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காக. உன்ன உள்ள விட்டதே அதுக்குத்தான்."

"அப்ப நான் வரக்கூடாது."

பாண்டியம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் வாயால சொல்லு ஆத்தா. வான்னு சொன்னதும் நீதானே?"

"வராதக்கா" என்று சொல்லிவிட்டு அவள் உடைந்து அழுதாள். ஒருத்தியை விட்டால் மற்ற எல்லோரும் நிற்பார்கள், ஒருத்தியைப் பிடித்தால் எல்லாம் கலையும். அவளையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் விடப்படுகிற ஒருத்திக்கு அந்த நியாயத்தால் என்ன ஆகப் போகிறது? கிருபாவதிக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. இவள் அழுகிறாளே, இவளை யார் வட்டத்தை விட்டு எழுப்பினார்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்டது வேறு.

"சங்கத்துல என் பேரு?"

"பேரு இருக்கும்க்கா. பேரு இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது முதலாளி படிக்கட்டில் நின்று அவளைக் கூப்பிட்டார். பக்கத்தில் இன்னும் ரெண்டு மூன்று ஏலக்காய்க் கடைக்காரர்கள் வெள்ளை வேட்டியும் வேதப்புத்தகமுமாக நின்றார்கள்.

"கேள்விப்பட்டேம்மா. ஒரு விதவைன்னும் பாக்காம உன்ன வெரட்டியிருக்காளுக. இதுதான் அவளுக சங்கம். நடந்தத நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன். லேபர் ஆபீசர்கிட்டக் குடுத்தாப் போதும், அந்தச் சங்கத்தப் பதிவே பண்ண விடாமப் பாத்துக்கிறேன். உனக்குக் கம்பத்துல என் மச்சான் கடையில ஒக்காந்து செய்ற வேல தயாரா இருக்கு."

அவர் சொன்னதில் பொய் இல்லை. விரட்டத்தான் விரட்டினார்கள். உண்மையைச் சொன்னால் போதும், சோறு நிச்சயம், அன்னத்தாய் கொட்டமும் அடங்கும். கிருபாவதி அவர் வேட்டிக் கரையைப் பார்த்தாள். முக்காட்டை இறக்காமல் வெளியே போன மெஹராஜின் முகம் ஞாபகம் வந்தது.

"யாரும் வெரட்டல மொதலாளி. எனக்குக் கண்ணு மங்கிப்போச்சு. பச்சக் காயும் வெளுத்த காயும் ஒண்ணாத் தெரியுது. நானாத்தான் எந்திரிச்சு வந்தேன்."

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "கண்ணு தெரியாதவளுக்குப் போடியில எந்தக் கடையில வேல? யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன் மொதலாளி."

பக்கத்தில் நின்ற கடைக்காரர்களும் கேட்டுக்கொண்டார்கள். பொழுது விடிந்தால் பஜார் முழுக்கத் தெரிந்துவிடும், இனி இந்த ஊரில் எவரும் தன் கையில் சுளகு கொடுக்கப் போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை எஸ்டேட்டுக்குக் களைவெட்ட ஆள் ஏற்றும் ஜீப்பில் அவளும் ஏறினாள். மலைக்குப் போனால் மாசக்கணக்கில் கீழே இறங்க முடியாது. ஜீப் நிறையட்டும் என்று டிரைவர் காத்திருந்தபோது கடைக்குப் போகும் பெண்கள் கூட்டமாக எதிரே வந்தார்கள். நடையில் ஒரு மிடுக்கு வந்திருந்தது. முன்னால் வந்த அன்னத்தாய் அவளைப் பார்த்துவிட்டு, காதில் விழட்டும் என்றே சொன்னாள்:

"நேத்து கோயில் படியில மொதலாளிகூட நின்னு பேசிக்கிட்டு இருந்தாளாம்ல. மேல எஸ்டேட்டுல கங்காணி வேல போட்டுக் குடுத்துட்டாக போல. கருங்காலிக்கு என்ன கொறச்சல்?"

பாண்டியம்மாள் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாள். அப்படியா என்பதுபோல ஒரு பார்வை. அப்புறம் அவள் முகம் மெல்லத் தெளிந்தது. தோளிலிருந்து எதையோ இறக்கி வைத்தவளாகக் கூட்டத்தோடு பேசிக்கொண்டே நடந்தாள். கிருபாவதி அதை நன்றாகவே பார்த்தாள். கண்ணில்தான் அவளுக்கு ஒரு கோளாறும் கிடையாதே.