மஹாட் வரைக்கும்

ரெபேக்காவும் பொன்செல்வியும் தாராவியில் ஒரே சந்தில் வளர்ந்தவர்கள். ரெபேக்கா பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவள். பொன்செல்வி தையல் கார்கானாவில் பட்டன் வைப்பவள். கணவன் சுயம்புவிடம் பத்து வருடமாக அடி வாங்குபவள். ரத்னகிரி மீன் கம்பெனி ஒன்றில் இருவருக்கும் வேலையும் தங்க அறையும் கிடைத்ததும், "பைக்லயே போயிருவோம்ட்டி. யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றாள் ரெபேக்கா. பொன்செல்வியின் ஒன்பது வயது மகன் அனந்தை ஒரு மாதம் கழித்து வந்து அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு.

காலையில் அவன் பள்ளிக்குப் போனதும் கிளம்பினார்கள். பன்வேல் தாண்டியதும் பொன்செல்வி ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, வாய்க்கு வந்ததையெல்லாம் பாடினாள். அந்தக் குரலைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று என்று நினைத்தபடி ரெபேக்கா வண்டியை மெதுவாகவே ஓட்டினாள்.

மதியம் மஹாடில் மிசள் சாப்பிட நிறுத்தினார்கள். பள்ளி விட்டிருக்கும் நேரம். பொன்செல்வி பக்கத்து வீட்டு நாத்தனாரின் நம்பருக்கு அடித்தாள். அனந்த்தான் எடுத்தான்.

"அம்மா, பீரோல உன் துணி ஒண்ணுகூட இல்ல."

"ஒரு மாசந்தான் மக்கா. வந்து கூட்டிட்டுப் போயிருவேன்."

"ஜூட் மத் போல்," என்றான். பொய் சொல்லாதே என்று அம்மாவிடம் அவன் சொன்னது அதுவே முதல் தடவை. போனை வைத்துவிட்டான்.

பொன்செல்வி தட்டைத் தள்ளிவிட்டு, வண்டியிலிருந்து தன் பையை அவிழ்த்தாள்.

"திரும்பிப் போனா அடிச்சே கொன்னுருவான்ட்டி," என்றாள் ரெபேக்கா.

"தெரியும். பிள்ள தனியா நின்னு பீரோவத் தொறந்து பாத்திருக்காம்லா."

"அப்ப நானும் வாரேன்."

"வேண்டாம். ஒனக்காவது விடியட்டும்."

மும்பை பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனது. அதன் பிறகு மலைப்பாதையில் ரெபேக்கா இரண்டு முறை வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. கண்ணீரில் ரோடு தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து, லீவு கிடைத்து ரெபேக்கா மும்பை வந்தாள். பொன்செல்வி திரும்பிப் போன அன்று சுயம்பு கதவைத் திறக்கவே இல்லையாம். ஓடிப்போனவளுக்கு இங்கே இடமில்லை என்று உள்ளிருந்தே கத்தினானாம். அவள் இப்போது ஆண்டாப் ஹில்லில் நாலு பெண்களோடு ஓர் அறையில் இருக்கிறாள். தினமும் மதியம் பள்ளி வாசலுக்கு எதிரே வந்து நிற்கிறாள்.

ரெபேக்காவும் கூட நின்றாள். அத்தையின் கையைப் பிடித்தபடி அனந்த் வந்தான். கொஞ்சம் வளர்ந்திருந்தான். நேரே பார்த்துக்கொண்டே நடந்து, தெரு முனையில் திரும்பி மறைந்தான்.

"போம்போது ஒரு தடவ நம்மள பாத்தான், கவனிச்சியாட்டி?" என்றாள் பொன்செல்வி.

ரெபேக்கா அவனை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. அவன் பார்க்கவில்லை.

"ஆமா," என்றாள். "பாத்தான்."