கோட்டுக்கு அடியில் இருந்த படம்

பெரியதம்பி உயிரோடு இருந்தவரை கோட்டு போட்டவர் இல்லை. மரக்காணத்துக் குப்பத்தில் கட்டுமரம் ஏறுகிறவருக்குக் கோட்டு எதற்கு? ஆனால் சுவரில் மாலையோடு தொங்கிய படத்தில் கோட்டும் டையுமாக இருந்தார். கண்கள் மட்டும் கீழே டையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.

அவரைக் கடல் கொண்டுபோனபோது வீட்டில் இருந்தது ஒரே போட்டோ. அதில் கைக்குழந்தை கலைப்பிரியாவும் இருந்தாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு மாலை போடலாமா என்று உறவுகள் பதற, திண்டிவனத்து ஸ்டுடியோக்காரன் பார்த்திபன் பிள்ளையை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கோட்டால் மூடிக் கொடுத்தான். பழைய போட்டோ அடுத்த மழையில் நனைந்து கூழாகிப் போனது.

இப்போது கலைப்பிரியாவுக்கு எட்டு வயது. "அப்பா என்னைத் தூக்கினதே இல்லியாம்மா?" என்று கேட்டாள்.

"தூக்காம? எறக்கியே விடமாட்டாரு."

"சும்மா சொல்ற. படத்துல யாரோ ஆபீசரு கணக்கா இருக்காரு."

அம்மா கோவிந்தம்மாள் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். மறுநாள் மீன்கூடையைக் கவிழ்த்துவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினாள்.

படம் பார்த்திபனின் கம்ப்யூட்டரில் இருந்தது. "கோட்டைக் கழட்டு தம்பி" என்றாள்.

"இது ஜேபெக் ஃபைலுக்கா. எல்லாம் ஒண்ணா ஒட்டிக்கினு இருக்கும். பிஎஸ்டி ஃபைல்னா கோட்டு தனி, தலை தனி, அடியில பழைய போட்டோ தனின்னு அடுக்கடுக்கா இருக்கும்."

"அப்ப இதை அப்பிடி மாத்து."

மாற்றினான். ஃபைலின் பெயர்தான் மாறியது. கோட்டு கழன்றபாடில்லை.

"கொழம்புல கரைஞ்ச புளியைத் திரும்ப உருண்டை புடிக்க முடியுமாக்கா?"

"கரைக்கறதுக்கு மின்ன அந்தப் புளி எந்தப் பானையில இருந்துச்சி? அதைச் சொல்லு."

பார்த்திபன் தலையைச் சொறிந்தான். பழைய வேலைகளை பிஎஸ்டியாகவே சிடியில் ஏற்றி வைப்பது அவன் வழக்கம். அந்த சிடிகளைத்தான் போன வாரம் மூட்டையாகக் கட்டி, குருவி விரட்டக் கேட்ட கூட்டேரிப்பட்டு மாமா தெய்வசிகாமணிக்குக் கொடுத்திருந்தான்.

"வண்டியை எடு" என்றாள் கோவிந்தம்மாள்.

கேப்பைக் கொல்லை முழுக்கக் கயிறு கயிறாகச் சிடிகள் மினுங்கின. தெய்வசிகாமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே வந்து நின்றார். "அவுத்தா குருவி மொத்தத்தையும் மேய்ஞ்சிடும். அறுப்பு முடிஞ்சி வாம்மா."

"அதுக்குள்ள வெயிலு சிடியைத் தின்னுடும் மாமா" என்றான் பார்த்திபன்.

"எங்கூட்ல பழைய வலை கெடக்குதுண்ணே. நாளைக்கே கொண்டாந்து கதிரு மேல விரிச்சித் தர்றேன். இன்னிக்கிப் பொழுதுக்கும் நானே நின்னு வெரட்றேன்." அவர் வாய் திறப்பதற்குள் முதல் முடிச்சை அவிழ்த்துவிட்டாள். உடும்புப் பிடி என்பார்களே, அது அவளைப் பார்த்துச் சொன்னதுதான்.

பார்த்திபன் மூட்டையோடு போனான். அவள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு பொழுது சாயும்வரை கொல்லையைச் சுற்றினாள். மீன் கூவி விற்றுப் பழகிய தொண்டை அல்லவா, குருவிகள் மயிலம் பக்கமே பறந்துவிட்டன.

மறுநாள் வலை விரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "பாதி சிடி வெளுத்துப்போச்சிக்கா. ஆனா உன்னுது கெடைச்சிடுச்சி. பொண்ணைக் கூட்டிக்கினு வா."

கோவிந்தம்மாள் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு வலையின் கடைசி மூலையையும் இழுத்துக் கட்டிவிட்டுத்தான் கிளம்பினாள்.

சாயந்திரம் ஸ்டுடியோவில் பார்த்திபன் மவுஸை ஒருமுறை தட்டினான். கோட்டு மறைந்தது. இன்னொரு தட்டில், அடியில் இருந்த பழைய போட்டோ முழுசாக வந்தது. சாயம் போன சட்டையில் பெரியதம்பி நின்றார். கையில் ஒரு குழந்தை, அவர் சட்டைக் காலரை வாயில் திணித்துக்கொண்டிருந்தது.

கலைப்பிரியா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அப்பாவின் கண் போகிற திசையை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். விரல் குழந்தையின் முகத்தில் போய் நின்றது.

"அம்மா, அவரு டையைப் பாக்கலம்மா" என்றாள். "என்னைப் பாத்துக்கினு இருந்திருக்காரு."

பார்த்திபன் படத்தை ஜேபெக்காக மாற்றிப் பிரிண்ட் போட்டான். "மாலை வைக்கிற மாதிரி ஃபிரேம் போடட்டுமாக்கா?"

"இதுக்கு மாலை கூடாது" என்று கலைப்பிரியா முந்திக்கொண்டாள். "இதுல நான் இருக்கேன்."